குத்துப்புல் வந்த வழி

உயரம் முழங்கால் மட்டும். அடியில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் தூர். மேலே போகப்போக விரிந்து நுனியில் வளையும் இலைகள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் நடுவிலிருந்து மெல்லிய தண்டுகள் எழும்பும். ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு மூன்று கதிர்கள், கதிர் முழுக்கத் தவிட்டு நிற மயிர். காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது அந்த மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒளி பிடிக்கும்.

தாவரவியல் நூல்களில் இதன் பெயர் யூலாலியா ஃபியோத்ரிக்ஸ். நீலகிரியில் நான் இருக்கும் எமரால்டு ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. புல்லு, அவ்வளவுதான். மேலே அவலாஞ்சி, அப்பர் பவானிச் சரிவுகளில் இதுவும் இதன் உறவுக்காரப் புற்களும் சேர்ந்து ஒரு காலத்தில் மலையையே போர்த்திக் கிடந்தன. இன்று என் வீட்டுப் படிக்கும் சாக்கடைக்கும் நடுவே உள்ள கொஞ்சம் மண்ணில், ஜெரேனியம் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சரிவுக்கும் வாசலுக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் இந்தப் புல் வந்த வழி நீளமானது. நடுவில் பல இடங்களில் அறுந்தும் போனது.

மலையில் இதற்கு என்ன வயது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நீலகிரியின் உச்சி முழுக்க முன்பு சோலைக்காடுதான், மனிதர்கள் வெட்டியும் எரித்தும் மாடு மேய்த்தும் காட்டை அழித்ததால்தான் புல் வந்தது என்ற கருத்து நெடுங்காலம் இருந்தது. அந்தக் கணக்கில் புல்வெளி என்பது கெட்டுப்போன காடு. அதில் மரம் நட்டால் மலைக்குப் புண்ணியம் செய்ததாக ஆகிவிடும். 1993இல் இந்தக் கருத்தை ஆட்டிப்பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோரும் நீலகிரிச் சதுப்புகளின் மண்ணை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்து, முடிவை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

மலை மடிப்புகளில் நீர் தேங்கும் இடங்களில் செத்த இலையும் வேரும் முழுதாக மக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாகக் கறுத்துப் படிந்து கிடக்கும். ஆழம் போகப்போகக் காலமும் பின்னே போகும். கார்பனில் எடை கூடியதும் குறைந்ததுமாக இரண்டு வகை உண்டு. வெப்பமண்டலப் புற்கள் பல காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறை மரங்களின் முறையிலிருந்து வேறுபட்டது. அதனால் அவற்றின் உடம்பில் அந்த இரண்டின் விகிதமும் வேறாக இருக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் விகிதத்தை அளந்தால் எந்தக் காலத்தில் புல் ஓங்கியிருந்தது, எந்தக் காலத்தில் மரம் ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடக்கே பெரும் நிலப்பரப்புகள் பனிப்பாளத்தின் கீழ் கிடந்த வறண்ட காலத்தில், இந்த மலையில் புல்தான் ஆண்டது என்று அந்தச் சதுப்பு சொன்னது. ஈரம் கூடிய காலத்தில் அது பின்வாங்கியிருக்கிறது, வறண்டபோது மறுபடி பரவியிருக்கிறது. கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இங்கே குடியிருந்திருக்கிறது.

அது எப்படி நிலைத்தது என்பதை எமரால்டில் இருப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் வாசலிலேயே பார்க்கலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். வானம் தெளிந்த இரவில் குளிர்காற்று கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியும்போது உருளைக்கிழங்கு இலை கருகிக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். சோலை மரத்தின் கன்று திறந்த வெளியில் முளைத்திருந்தால் அதுவும் போகும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள்: சோலையையும் புல்வெளியையும் அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பதில் உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு. புல்லின் நுனி கருகினாலும் உயிர்மொட்டு மண்மட்டத்தில், பழைய இலைகளின் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தால் தெரியும். வெளிச்சுற்றில் வைக்கோல் நிறத்தில் செத்த உறைகள், அவற்றுக்குள் வெளிறிய மஞ்சள், அதற்கும் உள்ளே ஒரு தீக்குச்சி கனத்தில் வெள்ளைக் குருத்து. வெளியே பனி வெளுத்துக் கிடக்கும் காலையிலும் அந்தக் குருத்து ஈரமாக, உயிரோடு இருக்கும்.

இந்தப் புற்களோடு மிக நெருக்கமாக வாழ்ந்தவர்கள் நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள். எருமைக்கு மேய்ச்சல் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர்களுடைய கோயில்களின் கூரைக்கென்று தனியாக ஒரு புல் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. சரிவில் வளராமல் சதுப்பின் ஓரத்தில் வளரும் புல் அது. பெயர் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. பின்பாதிப் பெயர் நம் ஊர்க்காரர் ஒருவருடையது. கோயம்புத்தூரில் தாவரவியலாளராக இருந்த ராய் பகதூர் கே. ரங்காச்சாரியார், தாதுலிங்க முதலியாரின் துணையோடு 1921இல் தென்னிந்தியப் புற்களுக்கு ஒரு கையேடு எழுதினார். மரத்துக்கும் பூவுக்கும் புத்தகம் எழுதிய பலரிருக்க, நின்று குனிந்து புல்லைப் பார்த்தவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய அந்தச் சதுப்புப்புல் நீலகிரியைத் தாயகமாகக் கொண்டது. சதுப்பை வடித்துக் கேரட்டும் பூண்டும் போட்ட இடங்களிலெல்லாம் அது போய்விட்டது. கூரை மாற்றும் காலம் வரும்போது தோடர்கள் அதைத் தேடி முக்குருத்திப் பக்கத்து ஒதுக்குச் சதுப்புகள் வரை போகவேண்டியிருக்கிறது. ஊட்டியில் பல் மருத்துவராக இருந்துகொண்டே தோடர் வாழ்க்கையைப் பல்லாண்டு படித்த தருண் சாப்ரா, 2015இல் வெளியிட்ட ‘தி தோடா லேண்ட்ஸ்கேப்’ நூலில், அந்த மக்கள் இந்த மலையின் செடிகொடிகளோடு வைத்திருக்கும் உறவை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

வெள்ளையர் கண்ணுக்கு இது வேறாகத் தெரிந்தது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலேறி வந்தபோது பார்த்தது மைல் கணக்கில் விரிந்த புல்மேடு. அவர்களுடைய நாட்டை நினைவூட்டும் அழகு என்று ரசித்தார்கள். குதிரையேறி வேட்டையாட நல்ல மைதானம் என்று வைத்துக்கொண்டார்கள். வருவாய்க் கணக்கில் மட்டும் தரிசு. அடுப்புக்கு விறகு போதவில்லை என்றதும் அந்தத் தரிசில் மரம் நடும் எண்ணம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்னும் சீகை மரம் வந்தது. 1843இல் கேப்டன் காட்டன் யூகலிப்டஸைக் கொண்டுவந்தார். அதுதான் நம் கற்பூர மரம். 1848இல் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து ஊட்டித் தாவரவியல் பூங்காவைச் சரிவுச் சரிவாக அமைத்தார். இன்றும் மே மாதம் மலர்க்காட்சிக்கு வருபவர்கள் முதலில் பார்த்து வியப்பது அங்குள்ள புல்தரையைத்தான்.

அதோடு வீட்டுத் தோட்டங்கள் வந்தன. கம்பளிக் கோட்டைப் போலவே தோட்டச் செடிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். வேலிக்கு முள்ளும் மஞ்சள் பூவுமாக கோர்ஸ். அழகுக்கு ஸ்காட்ச் புரூம். நீரோரத்துக்கு வெள்ளைப் பூ ஆரம் லில்லி. மூன்றும் வேலி தாண்டிப் போய்விட்டன. புரூம் செடியின் காய் வெயிலில் வெடித்து விதையைத் தெறிக்கும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். அவலாஞ்சி, எமரால்டு மேட்டுப் புல்வெளிகளில் இன்று மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்துச் சுற்றுலா வருபவர்கள் படம் எடுக்கிறார்கள். அந்த மஞ்சள் எங்கே விழுந்ததோ அங்கே அடியில் இருந்த குத்துப்புல் வெளிச்சம் கிடைக்காமல் செத்திருக்கும். தோட்டச் செடி என்று சொல்லி வருவது தோட்டத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இந்த மலையை விட வேறு சாட்சி வேண்டாம்.

விடுதலைக்குப் பின்னும் புல்லுக்கு விடிவு வரவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று கறுப்புச் சீகை, ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று கற்பூரம், கூடவே பைன். புல்வெளி ஒன்றுக்கும் உதவாத நிலம் என்ற பழைய கணக்குத்தான் தொடர்ந்தது. 1950களின் பிற்பாதியில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியது. எமரால்டு, அவலாஞ்சி அணைகள் எழும்பின. இரண்டு மலைக்கு நடுவே இருந்த புல் பள்ளத்தாக்கு தண்ணீருக்கு அடியில் போனது. அந்த அணை இல்லாமல் எங்கள் ஊர் இன்று இருக்கும் விதத்தில் இல்லை. மின்சாரமும் வேலையும் சாலையும் அதனால் வந்தன. அதை மறுத்து எழுதுவது நியாயமாகாது. மேல்மட்டத்தில் புதுச் சீகைத் தோட்டம் போடுவது 1980களின் இறுதியில்தான் நின்றது. அதற்குள் சீகை தானாகப் பரவக் கற்றுக்கொண்டுவிட்டது. பழனி மலைகளின் கணக்கு நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது: 1973க்கும் 2014க்கும் நடுவே அங்கிருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தோட்ட மரமும் வேளாண்மையும் எடுத்துக்கொண்டன. எமரால்டிலிருந்து மேலே பார்த்தால் இங்கும் அதே கதைதான் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை.

இந்த இடத்தில் கதை ஐரோப்பாவுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. புல்லைப் பூச்செடிக்குச் சமமாகத் தோட்டத்தில் வைப்பது என்ற வழக்கம் அங்கிருந்துதான் நம் நர்சரிகளுக்கு வந்தது. புயனஸ் அயர்ஸில் வாழ்ந்த ஜான் ட்வீடி என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் அனுப்பிய விதையிலிருந்து, 1840 வாக்கில் டப்ளினின் கிளாஸ்நெவின் தாவரவியல் தோட்டத்தில் பாம்பாஸ் புல் முளைத்தது. பிறகு பணக்கார வீட்டு முற்றமெல்லாம் அந்த வெள்ளைத் தோகை. ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் கார்ல் ஃபோர்ஸ்டர் புற்களையும் பெரணிகளையும் தோட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லி 1957இல் ஒரு நூலே எழுதினார். நெதர்லாந்தின் பீட் அவுடால்ஃப், நியூயார்க்கில் கைவிடப்பட்ட ரயில் பாலத்தின் மேல் 2009இல் திறந்த ஹைலைன் பூங்காவில் புற்களைக் கொண்டே பருவத்துக்குப் பருவம் நிறம் மாறச் செய்தார். சின்ன வீடுகளுக்கென்று குட்டையான ரகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள்: இடுப்புக்கு மேல் வளராத பாம்பாஸ், தொட்டியில் அடங்கும் ஃபவுண்டன் புல். இன்று அவை நம் பக்கமும் விலைக்குக் கிடைக்கின்றன.

அழகில் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீலகிரியில் வாங்கி வைக்காதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்பேன். பாம்பாஸ் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒழிக்கப்படவேண்டிய செடிகளின் பட்டியலில் இருக்கிறது. ஃபவுண்டன் புல் ஹவாயில் எரிமலைச் சரிவெல்லாம் பரவித் தீக்கு எரிபொருளாகிவிட்டது. காற்றில் பறக்கும் விதை, திறந்த சரிவு, வெட்டிப்போட்ட சாலையோரம் என்று அவற்றுக்கு வேண்டியது அத்தனையும் எமரால்டிலும் இருக்கிறது. புரூமுக்குப் பட்டது போதும்.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. ஃபோர்ஸ்டர் தேடியலைந்ததும் அவுடால்ஃப் வரைந்ததும் எங்கள் தலைக்கு மேலே மலையில் தானாகவே விளைந்து கிடந்தன. குட்டை ரகம் வேண்டுமா? டிரைபோகன் புரோமாய்டிஸ் இருக்கிறது. நூல் போன்ற இலை, பாறை இடுக்கில் விழுந்த மண்ணே அதற்குப் போதும், சின்னத் தொட்டிக்கும் கல் அடுக்கின் ஓட்டைக்கும் ஏற்றது. ஊதா நிறம் வேண்டுமானால் அருண்டினெல்லா பர்ப்யூரியா. சற்று முரட்டு இலையோடு மண்ணை இறுக்கிப் பிடிப்பதற்குக் கிரைசோபோகன் நோடுலிபார்பிஸ். வெட்டிவேரின் உறவுக்காரர் அது. நடுத்தர உயரத்துக்கு நான் தொடக்கத்தில் சொன்ன யூலாலியா. எல்லாம் இந்தப் பனிக்கும் இந்த மழைக்கும் இந்தப் புளித்த மண்ணுக்கும் பழகியவை.

அறுந்த வழியை மறுபடி கட்டியவர்கள் சிலரே. 1980களில் கொடைக்கானலுக்கு வந்து தங்கிவிட்ட தான்யா பால்கரும் பாப் ஸ்டூவர்ட்டும் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை வழியாகச் சோலைச் செடிகளுக்கு நாற்றங்கால் போட்டார்கள். மரத்தோடு நின்றுவிடாமல் புல்வெளிக்காகவும் பேசியவர்கள் அவர்கள். ஊட்டியில் காட்வின் வசந்த் பாஸ்கோ, அப்ஸ்ட்ரீம் ஈகாலஜி என்ற அமைப்பின் வழியே நீலகிரியின் சொந்தப் புற்களை நாற்றங்காலில் பெருக்கிச் சரிவில் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறார். தமிழ்நாடு அரசு 2022 இறுதியில் அறிவித்த வரையாடு பாதுகாப்புத் திட்டத்திலும் அப்பர் பவானிப் பக்கம் புல்வெளியை மீட்கும் வேலை ஒரு பகுதி. வரையாட்டுக்கு வேண்டியது மரநிழல் இல்லை, திறந்த புல்மேடுதான். மாநில விலங்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு அதன் சோற்றை மறந்துவிட்டிருந்தோம்.

நாற்றங்காலில் பெருகிய தூர் வாசலுக்கு வருவது அதன் கடைசிக் கட்டம். இதில் முதல் விதி, காட்டிலிருந்து எடுக்கக் கூடாது. காப்புக்காட்டில் ஒரு குத்தைப் பெயர்ப்பதும் வனச்சட்டப்படி குற்றம். மிச்சமிருக்கும் புல்வெளியைச் சுரண்டி வீட்டை அலங்கரிப்பதில் பொருளும் இல்லை. என்னுடையவை ஒரு நண்பரின் பட்டா நிலத்திலிருந்து வந்தன. தேயிலைக்கு நடுவே பாறை இருந்ததால் யாரும் கொத்தாமல் விட்ட ஒரு துண்டு அது. நீலகிரியில் இப்படி விடுபட்ட துண்டுகள் நிறைய உண்டு. சாலையை அகலப்படுத்தும்போதும் வீட்டுக்கு அடித்தளம் வெட்டும்போதும் அவை மண்ணோடு மண்ணாகப் போகின்றன. வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே போய்க் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

எடுக்கும் காலம் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, ஆனி, ஆடி. முழுக்குத்தையும் பெயர்க்க வேண்டாம். வெளிச்சுற்றில்தான் இளம் கிளைப்பு இருக்கும். நடுப்பகுதி கிழடு, பாதி செத்தது. மண்வெட்டியை ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, நாலைந்து கிளைப்பு வேரோடு வரும்படி ஒரு துண்டு எடுத்தால் போதும். தாய்க்குத்து அங்கேயே இருக்கட்டும். எடுத்ததும் இலையை ஒரு சாண் விட்டு மேலே அறுத்துவிட வேண்டும். பச்சை போகிறதே என்று இதில் மனம் தயங்கும். அறுக்காவிட்டால் அறுபட்ட வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. குத்து முழுதும் வாடிவிடும். ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே நட வேண்டும். வேரைக் கழுவிப் பார்த்தால் இந்தப் புல்லின் குணம் புரியும். இலை முழங்கால் உயரம்தான், வேரோ நாரும் மயிருமாக ஒன்றோடொன்று பின்னி மண்ணை விடாமல் பிடித்திருக்கும். நீரை வேகமாக அடித்தாலும் நடுவில் இருக்கும் கறுத்த மண் உருண்டை கரையாது.

நடும் இடத்தில் நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். குத்துக்குக் குத்து ஒரு முழம் இடைவெளி. எரு போடக் கூடாது, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நம் ஊரில் மலைக்காய்கறி போடும் கைக்கு உரம் போடாமல் இருக்க வராது. சாணி எருவும் யூரியாவும் கண்ட குத்துப்புல் ஒரே பருவத்தில் இடுப்பளவு வளர்ந்து முதல் மழையிலேயே நாலாபுறமும் சாய்ந்துவிடும். ஏழை மண்ணில்தான் அது குட்டையாக, நிமிர்ந்து, அழகாக நிற்கும். தொட்டியில் வைப்பதானால் தோட்டத்து மண்ணோடு பொடிக்கல் கலந்து, அடியில் ஓட்டை பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பெயின்ட் டப்பாவிலும் வரும். முதல் கோடையில் மட்டும் தண்ணீர். அடுத்த ஆண்டிலிருந்து அதன் பாடு அதற்கு.

கதிர் முற்றியதும் அறுத்துவிடத் தோன்றும். பனிக்காலம் முழுக்க அப்படியே விடுங்கள். காய்ந்த கதிரிலும் அழகு இருக்கிறது. சில்லைக் குருவிகள் நீள இலையைக் கிழித்துக் கூட்டுக்கு எடுத்துப்போகும். மாசிக் கடைசியில், பனி நின்று கோடைமழை வருவதற்கு முன், அரிவாளால் ஒரு கையளவு விட்டு மொட்டையாக அறுக்க வேண்டும். மலையில் தீயும் மேய்ச்சலும் பனியும் செய்யும் வேலையை வாசலில் அரிவாள் செய்கிறது. அறுக்காமல் விட்டால் பழைய இலை மேலே மூடி, புதுக் குருத்து வெளிச்சத்துக்குத் திணறும். அறுத்த பின் வரும் தளிருக்குக் காட்டெருமை வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். எமரால்டில் அது விருந்தாளி மாதிரி, எப்போது வரும் என்று தெரியாது. மேய்ந்தாலும் தூர் போகாது; மிதித்தால்தான் சேதம்.

கிகுயூ புல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்து, நீலகிரியின் புல்தரை, சாலையோரம், சதுப்பு எல்லாம் பிடித்துக்கொண்டது அது. தரையோடு தரையாகக் கொடி ஓடும், கணுவுக்குக் கணு வேர்விடும். குத்துப்புல்லுக்குள் ஒரு கொடி நுழைந்துவிட்டால் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. குத்தையே கிளறி, வேரைக் கழுவி, வெள்ளைக் கொடியை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வைத்து மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வதுதான் வழி.

புல்லோடு சேர்த்து வைக்கக் குறிஞ்சி இருக்கிறது. சரிவில் இரண்டும் ஒன்றாகத்தான் வாழ்கின்றன. 2018இல் பூத்தது, அடுத்து 2030. பன்னிரண்டு ஆண்டும் அந்தப் புதர் பச்சையாகச் சும்மா நிற்கும்போது பக்கத்தில் புல் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நிறம் மாறிக்கொண்டிருக்கும்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எமரால்டில் வீடுகளை விட்டுப் பலர் முகாமில் தங்கினார்கள். அந்த மழையில் புல் போர்த்திய சரிவுகளும் மரம் நின்ற சரிவுகளும் சேர்ந்தே பிய்ந்தன. ஆகவே இந்தப் புல்லை வைத்தால் மண்சரிவு வராது என்று நான் சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையில், படிக்கட்டு ஓரத்து மண்ணும் தடுப்புச்சுவருக்கு மேலே உள்ள மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து சாக்கடையை அடைக்கிறதே, அதை இது குறைக்கும். அந்த அளவுக்கு என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வீட்டு அக்கா காய்கறிக் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர். முதலில் இந்தப் புல்லைப் பார்த்தபோது அவருக்கு மனசே ஆகவில்லை.

“ஏன் தம்பி, கேரட்டுக் காட்டுல புல்லப் புடுங்கிப் போடத்தான் எனக்குக் கூலி. நீங்க அதையே வாசல்ல வெச்சுத் தண்ணி ஊத்துறீங்களே?”

“நீங்க புடுங்கறது கிகுயூ, அக்கா. அது ஓடிக்கிட்டே இருக்கும். இது வெச்ச எடத்துலயே நிக்கும்.”

அவர் குனிந்து ஓர் இலையை விரலிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தார். கதிரைத் தடவினார். “இது மேல்மட்டத்துப் புல்லாச்சே. எங்க மாமனார் சீகைக் கூப்புக்குப் போயிட்டு வர்றப்ப கட்டு கட்டா அறுத்துட்டு வருவாரு. மாட்டுக் கொட்டாய்க் கூரைக்கு.” கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “இத நான் பாத்தே எத்தனையோ வருஷமாச்சு. பிரிக்கறப்ப எனக்கும் ரெண்டு குத்துக் குடுங்க. படிக்கட்டுப் பக்கம் மண்ணு சரியுது” என்றார்.

ஆனி மழையில் பிரித்துக் கொடுத்தேன். நான் என் வாசலில் அழகு பார்த்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டிருந்தேன். அவர் காய்கறிப் பாத்தி போடும் கணக்கில், சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து, கீழ் வரிசைக் குத்து மேல் வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும்படி நட்டார். இடையில் கையளவு மண்ணை அணைத்து ஒரு சின்ன வரப்பும் போட்டார். அந்த ஆண்டு மழையில் அவர் படிக்கட்டு ஓரத்தில் வரப்புக்குப் பின்னால் மண் தங்கி நின்றது. என் பக்கத்தில் குத்துகளுக்கு நடுவே நீர் தனக்கு ஒரு வழி போட்டுக்கொண்டு இறங்கியது. வரும் ஆனியில் என்னுடையதையும் பெயர்த்து அவர் முறையில்தான் நட வேண்டும். கயிறு பிடிக்கத் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.